‘உடம்புக்கு ஒத்துக்கல’: மரபுப் பல்லுருத்தன்மையும் நோயும் பரிணாமமும்

பழைய வண்ணாரப்பேட்டையிலோ காசிமேட்டிலோ தண்டையார்பேட்டையிலோ வளர்ந்தவர்களுக்கு டிபி மாத்திரை அறியாத பொருளன்று. சொந்த வீட்டில் இல்லாவிட்டாலும் அக்கம்பக்கத்தில் யாரேனும் ஒருவர் ஆறு மாதம் அதை விழுங்கியிருப்பார். அப்படி விழுங்குகிறவர்களில் சிலர் சில வாரங்களில் உள்ளங்கால் எரிகிறது, விரல் மரத்துப்போகிறது என்பார்கள். “மாத்திரை சூடுண்ணே, எளநீ குடி” என்று தெருவில் யாராவது ஆறுதல் சொல்வார்கள். “எனக்கு ஒத்துக்கல” என்று பாதியில் நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. அதே மாத்திரையை அதே அளவில் வாங்கிச் சென்ற இன்னொருவருக்கு ஒன்றுமே ஆவதில்லை. இந்த ‘ஒத்துக்கொள்ளுதல்’ என்ற சொல்லின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. உடம்பையும் குறை சொல்லாமல் மருந்தையும் குறை சொல்லாமல், இரண்டும் சந்திக்கிற இடத்தில் என்ன நடக்கிறது என்று அது கேட்கிறது. மரபணு வேறுபாடுகளைப் பற்றிய பேச்சில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது அந்தக் கேள்விதான்.

காலில் தோன்றும் அந்த எரிச்சலுக்கு விடை தேடிய முக்கியமான ஆய்வுகளில் சில இந்தச் சென்னை நகரத்திலேயே நடந்தவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. காசநோயாளியைச் சானடோரியத்தில் படுக்கவைக்க வேண்டியதில்லை, நெரிசலான வீட்டிலேயே வைத்து மாத்திரை கொடுத்துக் குணப்படுத்த முடியும் என்று 1959-இல் அந்த மையம் வெளியிட்ட அறிக்கை உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே மாற்றியது. அந்தப் புகழில் மறைந்துபோன இன்னொரு வேலையையும் அவர்கள் செய்தார்கள். ஐசோனியசிட் என்ற மருந்தை உட்கொண்ட நோயாளிகளின் உடலில் அது எவ்வளவு வேகமாகச் செயலிழக்கிறது என்று ஒவ்வொருவரிடமும் அளந்து பார்த்தார்கள். தென்னிந்திய நோயாளிகளில் ஏறத்தாழ பத்துக்கு ஆறு பேர் மருந்தை மெதுவாகச் செயலிழக்கச் செய்பவர்கள், மற்றவர்கள் விரைவாகச் செய்பவர்கள் என்று தெரிந்தது. அதிக அளவு ஐசோனியசிட் பெற்றவர்களில் கைகால் நரம்பழற்சி யாருக்கு வருகிறது என்று பார்த்தபோது, அது மெதுவகையினரிடமே மிகுதியாக இருந்தது. 1960-இல் இதை அவர்கள் அச்சிட்டார்கள். ஐசோனியசிட் உடலிலுள்ள பைரிடாக்சின் என்னும் வைட்டமின் பி6-ஐக் குறைத்துவிடுவதுதான் நரம்பு எரிச்சலுக்குக் காரணம். நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் பைரிடாக்சின் சேர்த்துக் கொடுத்தாலே அந்தத் துன்பத்தைத் தடுக்கலாம் என்பதும் அதே மையத்தின் அடுத்த ஆய்வுகளில் தெளிவாயிற்று.

இதற்கு எதிர்ப்புறமும் ஒன்று உண்டு. தினமும் மாத்திரை விழுங்க முடியாதவர்களுக்காக, மருந்தை வாரம் இரு முறை, பிறகு வாரம் ஒரு முறை என்று இடைவெளி விட்டுக் கொடுத்துப் பார்த்தார்கள். வாரம் இரு முறை கொடுத்த திட்டம் இருவகையினருக்கும் பயன்பட்டது. ஐசோனியசிட்டையும் ஸ்ட்ரெப்டோமைசினையும் வாரம் ஒரு முறை மட்டும் கொடுத்த திட்டத்திலோ விரைவகையினருக்குக் குணமாவது குறைந்தது. மருந்து அவர்கள் உடலில் சீக்கிரமே தீர்ந்துபோய்விட, கிருமி பிழைத்துக்கொண்டது. ஆக, மெதுவகையினருக்கு மருந்து மிஞ்சிப்போகிறது. விரைவகையினருக்குப் போதாமல் போகிறது. இந்த இருவரில் ‘குறைபாடு’ உள்ளவர் யார் என்று வகுப்பில் கேட்டால் மாணவர்கள் உடனே மெதுவகையினரைச் சுட்டுகிறார்கள். வாரம் ஒரு முறை மருந்து என்ற கணக்கைச் சொன்ன பிறகு அந்தக் கை தயங்குகிறது.

இந்த வேறுபாட்டின் இருப்பிடம் இன்று துல்லியமாகத் தெரியும். எட்டாம் குரோமோசோமில் நாட்-2 என்றொரு மரபணு இருக்கிறது. 870 டிஎன்ஏ எழுத்துகளில் எழுதப்பட்ட செய்முறை அது. அதைப் படித்துக் கல்லீரல் 290 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு நொதியைச் செய்கிறது. ஐசோனியசிட்டின் மேல் அசிட்டைல் என்னும் சிறு வேதித்துண்டை ஒட்டி அதைச் செயலிழக்கவைப்பது அந்த நொதியின் வேலைகளுள் ஒன்று. செய்முறையின் 590-ஆம் இடத்தில் சிலருக்கு ஜி என்ற எழுத்து இருக்கும். சிலருக்கு ஏ இருக்கும். ஏ இருந்தால் நொதியின் 197-ஆம் இடத்தில் ஆர்ஜினினுக்குப் பதில் குளுட்டமின் வந்து அமர்கிறது, நொதி நிலைகுலைந்து அளவில் குறைகிறது. 341-ஆம் இடத்திலும் இதுபோன்ற ஒரு மாற்றம் நம்மிடையே பரவலாக உண்டு. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று வரும் இரண்டு பிரதிகளும் மெதுவகையாக அமைந்தவருக்கு மருந்தின் அளவு பாதியாகக் குறைய மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ ஆகிறது. விரைவகையினருக்கு ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் போதும். ஒரு பிரதி மெதுவாகவும் மற்றது விரைவாகவும் உள்ளவர்கள் நடுவில் நிற்கிறார்கள்.

ஒரே மரபணுவின் இரண்டோ அதற்கு மேற்பட்டதோ ஆன வடிவங்கள் ஒரே மக்கள்கூட்டத்தில், எப்போதோ ஒருவரிடம் என்றில்லாமல், நிலையாகப் புழங்கிவருவதையே மரபுப் பல்லுருத்தன்மை அல்லது பாலிமார்பிசம் என்கிறோம். அபூர்வமான வடிவமும் மக்களிடையேயுள்ள பிரதிகளில் குறைந்தது நூற்றில் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது வழக்கமான அளவுகோல். அதைவிட அரிதானதைத் திடீர்மாற்றம் என்ற பெயரில் தனியே வைப்பார்கள். இது எண்ணிக்கை பற்றிய வேறுபாடுதான். வேதியியல் அளவில் இரண்டும் ஒன்றே: எல்லாப் பல்லுருக்களும் என்றோ ஒருநாள் ஒரே ஒரு மனிதரிடம் தோன்றிய திடீர்மாற்றங்களாகத்தான் தொடங்கியிருக்க வேண்டும். அந்த ஒருவரிடமிருந்து கோடிப்பேரிடம் எப்படிப் பரவின என்பது பரிணாமத்தின் கேள்வி. பரவியபின் யாருக்கு என்ன செய்கின்றன என்பது மருத்துவத்தின் கேள்வி. இரண்டையும் பிரித்துப் படித்தால் இரண்டுமே விளங்காமல் போகும் என்பதே என் கருத்து.

மனித மரபுத்தொகுதி (ஜீனோம்) ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் கொண்டது. 26 மக்கள்கூட்டங்களைச் சேர்ந்த 2,504 பேரின் டிஎன்ஏவைப் படித்து 2015-இல் வெளியான ஆயிரம் மரபுத்தொகுதித் திட்டத்தின் முடிவு, 8.8 கோடிக்கும் மேற்பட்ட மாறுபாடுகளைப் பட்டியலிட்டது. ஒப்பீட்டுக்காக வைத்திருக்கும் மாதிரித் தொகுதியிலிருந்து ஒரு சாதாரண மனிதர் 41 முதல் 50 லட்சம் இடங்களில் வேறுபடுகிறார் என்றும் சொன்னது. பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர்களும் அந்த 26 கூட்டங்களில் ஒன்று. இந்த லட்சக்கணக்கான வேறுபாடுகளில் மிகப் பெரும்பாலானவை நல்லதும் செய்வதில்லை, கெட்டதும் செய்வதில்லை. அவை வெறும் தற்செயலால் தலைமுறைதோறும் கூடியும் குறைந்தும் மிதந்துவருகின்றன என்று ஜப்பானியரான மோட்டூ கிமுரா 1968-இல் முன்வைத்த கருத்து இன்று அடிப்படைப் பாடமாகிவிட்டது. எந்தப் பல்லுருவைக் கண்டாலும் அதற்கொரு பயன் இருந்தே ஆக வேண்டும் என்று கதை கட்டுவது எளிது. அந்த ஆசையை அடக்கிக்கொண்டுதான் மேலே போக வேண்டும்.

அப்படியானால் நாட்-2 மெதுவடிவம் நம்மில் இத்தனை பேரிடம் இருப்பது தற்செயலா? ஜப்பானியரிடம் மெதுவகையினர் ஏறத்தாழ பத்தில் ஒருவரே. வேட்டையாடி உணவு சேகரித்து வாழும் மக்களைவிட, பயிரிட்டும் கால்நடை வளர்த்தும் வாழ்ந்த மக்களிடம் மெதுவடிவம் கூடுதலாக இருப்பதை உலகின் பல பகுதிகளை ஒப்பிட்ட ஆய்வுகள் காட்டியுள்ளன. உணவு மாறியபோது உடலுக்குள் வரும் வேதிப்பொருள்களும் மாறின, அதனால் நொதியின் வேகம் குறைந்ததே நன்மையாக அமைந்திருக்கலாம் என்பது அந்த ஆய்வாளர்கள் தரும் விளக்கம். அது இன்னும் விளக்கமாகத்தான் இருக்கிறது, முடிவாகவில்லை. உறுதியாகத் தெரிந்தது வேறொன்று. புகையிலைப் புகையிலும் சில சாயப்பொருள்களிலும் உள்ள அரோமாட்டிக் அமீன்களை அகற்றுவதிலும் இதே நொதிக்குப் பங்கு உண்டு. ஆகவே மெதுவகையினர் புகைபிடித்தால் சிறுநீர்ப்பை புற்றுநோய்க்கான ஆபத்து விரைவகையினரைவிட அவர்களுக்குக் கூடுகிறது. பீடி பற்றவைக்காத மெதுவகையினருக்கு அந்தக் கூடுதல் சுமை அநேகமாக இல்லை. ஒரே எழுத்து, மாத்திரை உள்ள இடத்தில் ஒரு பொருளும் பீடி உள்ள இடத்தில் வேறொரு பொருளும் தருகிறது.

மக்கள் தம் கையிலேயே வைத்திருக்கும் பல்லுரு ஒன்று உண்டென்றால் அது இரத்த வகைதான். இராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில் பேறுகாலத்துக்குப் பதிவு செய்யும் பெண்ணின் அட்டையில் முதலில் எழுதப்படும் விவரங்களுள் அதுவும் ஒன்று. கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1901-இல் விவரித்த ஏ, பி, ஓ வகைகள் ஒன்பதாம் குரோமோசோமிலுள்ள ஒரே மரபணுவின் வடிவங்கள். ஏ வடிவம் செய்யும் நொதி சிவப்பணுவின் மேற்பரப்பில் ஒருவகைச் சர்க்கரையை ஒட்டுகிறது, பி வடிவம் வேறொன்றை ஒட்டுகிறது. இவ்விரு நொதிகளுக்கும் இடையே நான்கு அமினோ அமிலங்கள்தாம் வேறுபாடு. ஓ வகையில் பெரும்பாலும் 261-ஆம் இடத்திலுள்ள ஜி என்ற ஓர் எழுத்து விடுபட்டுப்போயிருக்கும். ஓர் எழுத்து விட்டுப்போனதும் அதற்குப் பின்னால் வரும் மூன்றெழுத்துச் சொற்களெல்லாம் தவறாகப் பிரிந்து, நொதியே உருவாகாமல் போகிறது. தமிழ்நாட்டில் மிகுதியாகக் காணப்படும் வகை ‘உடைந்த’ மரபணுவின் இந்த ஓ வகைதான்.

உடைந்த மரபணு எப்படி இத்தனை பரவலாயிற்று? மலேரியாவின் கொடிய வகையான ஃபால்சிபாரம் மலேரியாவில், கிருமி புகுந்த சிவப்பணு தன்னைச் சுற்றி நல்ல சிவப்பணுக்களை ஒட்டவைத்துக் கொத்தாகி, நுண்ணிய குழாய்களை அடைத்துவிடுகிறது. ஏ, பி சர்க்கரைகள் அந்த ஒட்டுதலுக்குத் துணைபோகின்றன. ஓ வகையினரிடம் கொத்துகள் இறுகுவதில்லை. மாலி நாட்டுக் குழந்தைகளிடம் 2007-இல் வெளியான ஆய்வில் ஓ வகையினருக்குக் கடும் மலேரியாவின் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பெரிதும் குறைந்திருந்தது. ஆனால் காலராவில் கதை தலைகீழாகிறது. காலராக் கிருமி தொற்றும் வாய்ப்பு எல்லா வகையினருக்கும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தாலும், தொற்றியபின் உயிருக்கே ஆபத்தான நீரிழப்பு ஓ வகையினருக்கே அதிகமாக ஏற்படுகிறது. காலரா நூற்றாண்டுகளாக நிலைகொண்ட கங்கைக் கழிமுகத்தில் ஓ வகை குறைவாக இருப்பதற்கு இதுவே காரணம் என்று கருதும் அறிஞர்கள் உண்டு.

இதை எழுதும்போது எனக்கு 1992 நினைவுக்கு வருகிறது. அந்த ஆண்டின் இறுதியில் சென்னையில்தான், அதுவரை கொள்ளைநோய் உண்டாக்கியிராத ஒரு புதிய காலராக் கிருமி வகை முதலில் கண்டறியப்பட்டது. பிறகு அது வங்காளக் கரையோரம் முழுவதும் பரவி, ஓ139 வங்காளம் என்று பெயர்பெற்றது. (அந்தப் பெயரிலுள்ள ஓ கிருமியின் மேலுறையைக் குறிப்பது. நம் இரத்த வகையோடு அதற்குத் தொடர்பில்லை.) பழைய காலராவில் முன்னர் நோய்ப்பட்டுத் தேறியவர்களின் எதிர்ப்புச் சக்தி இதற்கு எதிராக உதவவில்லை என்பதால் பெரியவர்களும் பெருமளவில் விழுந்தார்கள். வங்கதேச மருத்துவமனைகளில் பார்த்தபோது இந்தப் புதிய வகையிலும் ஓ இரத்த வகையினரே கூடுதலாகப் பாதிக்கப்பட்டிருந்தார்கள். குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த வட சென்னைத் தெருக்களை எண்ணிப்பாருங்கள். குழாயில் கழிவுநீர் கலந்த வாரத்தில் ஓ வகை ஒரு சுமை. கலக்காத வாரத்தில் அது ஒன்றுமே இல்லை. இயற்கைத் தேர்வு என்று நாம் சொல்வது இப்படிப்பட்ட வாரங்களின் நெடுங்காலக் கூட்டுத்தொகைதான்.

ஏ, பி வேறுபாடு மனிதருக்கு மட்டும் உரியதன்று. மனிதக்குரங்குகளிடமும் கிப்பன்களிடமும் அதே வேறுபாடு அதே மூலத்திலிருந்து வந்திருப்பதை 2012-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அப்படியானால் இந்தப் பல்லுரு குறைந்தது இரண்டு கோடி ஆண்டுகளாக, இனங்கள் பிரிந்தபோதும் அழியாமல் வந்துகொண்டிருக்கிறது. தற்செயலின் போக்குக்கு விட்டிருந்தால் இவற்றில் ஏதாவதொரு வடிவம் என்றோ மறைந்திருக்கும். ஒரு கிருமி ஒன்றைத் தண்டிக்க, வேறொரு கிருமி மற்றதைத் தண்டிக்க, எதுவும் முழுவெற்றி பெறாமல் இரண்டும் தக்கவைக்கப்படுவதைச் சமன்செய்யும் தேர்வு என்பார்கள்.

அதன் மிகத் தெளிவான எடுத்துக்காட்டு கதிர் அரிவாள் செல் இரத்தசோகை. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாம் இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் அமர்வதால் உண்டாகும் நோய் அது. இரு பிரதிகளும் மாறியவருக்குக் கடும் நோய்; ஒரு பிரதி மட்டும் மாறியவருக்கு ஃபால்சிபாரம் மலேரியாவிலிருந்து பாதுகாப்பு. அந்தோனி அல்லிசன் கிழக்கு ஆப்பிரிக்காவில் இதை 1954-இல் நிறுவினார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1952-இல், லேமனும் கட்பஷும் நீலகிரிப் பழங்குடியினரிடம் இந்தப் பண்பைக் கண்டு எழுதியிருந்தார்கள். இந்தியாவில் அது முதலில் பதிவானது அப்போதுதான். ஆப்பிரிக்க நோயென்று பாடநூல்கள் சொன்னது நம் மலைகளிலும் இருந்தது, ஏனெனில் மலேரியா இரண்டு இடங்களிலும் இருந்தது.

சென்னை நகரத்தின் மலேரியா வேறுவகை. கிணறுகளிலும் மொட்டைமாடித் தொட்டிகளிலும் பெருகும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி கொசு இங்கே பரப்பியது பெரும்பாலும் வைவாக்ஸ் மலேரியா. அது கல்லீரலில் ஒளிந்திருந்து மாதங்கள் கழித்து மீண்டும் காய்ச்சலாக எழும். அதை வேரறுக்க 14 நாள் பிரைமாகுவின் கொடுக்க வேண்டும். ஆனால் ஜி6பிடி என்ற நொதி குறைந்தவர்களுக்கு அந்த மருந்து சிவப்பணுக்களை உடைத்து, சிறுநீரைக் காப்பி நிறமாக்கிவிடும். இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், ஒரே பிரதி உள்ள ஆண்களிடம் குறைபாடு எளிதில் வெளிப்படுகிறது. உலகில் ஏறத்தாழ 40 கோடிப் பேரிடம் இந்தக் குறைபாடு இருப்பதற்கு, அது மலேரியாவிலிருந்து ஓரளவு காத்ததே காரணமெனக் கொள்ளப்படுகிறது. மலேரியாவுக்கு எதிரான கேடயமே மலேரியா மருந்தோடு மோதுகிறது.

இதுவரை சொன்னவை இளமையில் கொல்லும் நோய்களைப் பற்றியவை. பிள்ளை பெறும் வயதுக்குப் பின் வரும் நோய்களை இயற்கைத் தேர்வு கிட்டத்தட்டக் காண்பதே இல்லை. இதயத் தசையின் சுருக்கத்தை ஒழுங்குபடுத்தும் மையோசின் பிணைப்புப் புரதம் சி-யின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு வடிவம் தெற்காசியர்களில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினரிடம் உண்டு, அது இதயத்தசை நோயோடும் இதயச் செயலிழப்போடும் தொடர்புடையது என்று 2009-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அதில் முக்கியப் பங்காற்றினார்கள். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தத் துணைக்கண்டத்தில் தோன்றிய மாற்றம் இது. இதயம் தளரத் தொடங்குவது பெரும்பாலும் நடுவயதில். அதற்குள் பிள்ளைகளிடம் அந்த வடிவம் போய்ச் சேர்ந்திருக்கும். 4 விழுக்காடு என்பது கோடிக்கணக்கானோர். அவர்கள் எல்லோரும் நோயாளிகள் அல்லர். இதே பிரதியில் இன்னொரு மாறுபாடும் சேர்ந்திருப்பவர்களுக்கே ஆபத்து மிகுதி என்று பின்னர் வந்த ஆய்வுகள் சுட்டுகின்றன. சோதனைத் தாளில் இதைக் கண்டு ஒருவர் மனமுடைந்து போவதற்கு நியாயமில்லை.

நீரிழிவும் அப்படித்தான், ஆனால் இன்னும் சிக்கலாக. ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுப் பிரிவைத் தொடங்கிய மருத்துவர் எம். விசுவநாதன் 1954-இல் இராயபுரத்தில் நீரிழிவுக்கென்றே தனி மருத்துவமனை நிறுவினார். இந்தியாவில் நீரிழிவு ஆய்வின் தொட்டில்களில் ஒன்று வட சென்னை என்று சொல்வது மிகையாகாது. நீரிழிவோடு மிக வலுவாகத் தொடர்புடைய பொதுப் பல்லுரு, டி.சி.எஃப்.7.எல்.2 என்ற மரபணுவில் இருப்பதாக 2006-இல் ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்; சென்னை மக்களிடமும் அது உறுதிப்பட்டது. ‘மிக வலுவான’ என்பதன் அளவைக் கவனிக்க வேண்டும்: ஆபத்தான வடிவத்தின் ஒவ்வொரு பிரதியும் வாய்ப்பை ஏறக்குறைய 1.4 மடங்காக்குகிறது, அவ்வளவுதான். மற்ற நூற்றுக்கணக்கான பல்லுருக்கள் ஒவ்வொன்றும் அதைவிடச் சிறிய தள்ளுதலையே தருகின்றன. பஞ்சக் காலத்தில் கொழுப்பைச் சேமிக்க உதவிய மரபணுக்களே இன்று நீரிழிவைத் தருகின்றன என்று ஜேம்ஸ் நீல் 1962-இல் முன்வைத்த ‘சிக்கன மரபணு’க் கருத்து கேட்பதற்கு இனிமையானது. ஆனால் அதற்கான நேரடித் தடயம் மரபுத்தொகுதியில் தெளிவாகக் கிடைக்கவில்லை. எனவே அதை நான் கருதுகோளாகவே வைக்கிறேன். ஐயமில்லாதது இது: துறைமுகத்தில் மூட்டை சுமந்த தாத்தாவின் மரபணுக்களும் ஆட்டோ ஓட்டும் பேரனின் மரபணுக்களும் ஏறக்குறைய ஒன்றே. இரண்டு தலைமுறையில் மாறியது உழைப்பும் தட்டிலுள்ள சோறும் தூக்கமும்.

பல்லுருக்களின் எண்ணிக்கையை மாற்றுவதில் இயற்கைத் தேர்வுக்கு இணையாக நம் நாட்டில் வேலை செய்திருப்பது திருமண வழக்கம். குழுவுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் வழக்கம் நூற்றுக்கணக்கான ஆண்டுகள் நீடித்தால், தொடக்கத்தில் இருந்த சிலரில் ஒருவரிடம் தற்செயலாக இருந்த அரிய வடிவம் அந்தக் குழுவில் பொதுவடிவமாகிவிடும். 260-க்கும் மேற்பட்ட தெற்காசியக் குழுக்களை ஆராய்ந்து 2017-இல் வெளியான ஆய்வு, அவற்றில் 81 குழுக்களில் இப்படிச் சிலரிலிருந்தே பெருகியதன் தடம், உலகம் நன்கறிந்த பின்லாந்து மக்களிடமும் அஷ்கெனாசி யூதர்களிடமும் இருப்பதைவிட ஆழமானது என்று காட்டியது. அறுவைக்கு முன் தசைகளைத் தளர்த்தத் தரும் சக்சினைல்கோலின் சில நிமிடங்களில் முறிய வேண்டிய மருந்து. அதை முறிக்கும் நொதி குறைந்தவர்களுக்கு மணிக்கணக்கில் மூச்சு திரும்பாது. ஆரிய வைசியர்களிடம் இந்தக் குறைபாடு மிகுதி என்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தலைமுறைகளாக ஜார்ஜ் டவுனில் வணிகம் செய்யும் குடும்பங்களும் அந்தச் சமூகத்தில் உண்டு. மயக்க மருத்துவர் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டால் வேறு மருந்து கொடுத்துவிடலாம். அந்த நொதி குறைந்த மனிதர் தன் வாழ்நாளில் வேறெந்த வகையிலும் நோயாளியல்லர்.

இங்கே ஒரு எச்சரிக்கையைச் சொல்லாமல் போக முடியாது. சாதிப் பெயரோடு மரபணுவைச் சேர்த்துப் பேசுவது நம் சமூகத்தில் தீயோடு விளையாடுவது. மனித மரபு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 விழுக்காடு ஒவ்வொரு மக்கள்கூட்டத்தின் உள்ளேயே இருக்கிறது, கூட்டங்களுக்கு இடையில் இருப்பது சிறுபகுதியே என்று ரிச்சர்ட் லெவன்டின் 1972-இல் கணக்கிட்டார். அதற்குப் பின் வந்த டிஎன்ஏ ஆய்வுகளும் அதை ஒட்டியே உள்ளன. ஒரு குழுவில் ஒரு வடிவம் ‘மிகுதி’ என்பது எண்ணிக்கை பற்றிய செய்தி. அது அந்தக் குழுவின் தன்மையைச் சொல்வதில்லை, எதிரில் அமர்ந்திருக்கும் ஒருவரைப் பற்றி உறுதியாக எதையும் சொல்வதுமில்லை. அக்காள் மகளையோ மாமன் மகளையோ மணப்பதில் இருக்கும் ஆபத்தும் எல்லாச் சாதிக்கும் பொதுவானது: இருவரும் ஒரே மூதாதையிடமிருந்து ஒரே அரிய வடிவத்தைப் பெற்றிருக்கும் வாய்ப்பு கூடுவதால், குழந்தைக்கு இரு பிரதிகளும் அதுவாகவே அமைந்துவிடலாம். குடும்ப வரலாற்றை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்வது சோதனைக்கூடக் கருவி எதையும்விட மலிவான, பயனுள்ள வழி.

மருந்துகளின் பக்கம் திரும்பினால், நாட்-2 தனியே நிற்கவில்லை. மாரடைப்புக்குப் பின் இரத்தம் உறையாமலிருக்கத் தரும் குளோபிடோகிரெல், கல்லீரலில் ஒரு நொதி மாற்றியமைத்த பிறகே வேலை செய்யும். அந்த நொதியைச் செயலிழக்கவைக்கும் வடிவம் தமிழர்களிடம் ஆய்ந்த பிரதிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்ததாகப் புதுச்சேரி ஜிப்மரின் ஆய்வுகள் காட்டின. ஐரோப்பியரிடம் இது ஏறத்தாழ பாதிதான். நோயோடு மரபணுக்களைத் தொடர்புபடுத்தும் பெரிய ஆய்வுகள் மிகப் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரிடமே நடந்தவை என்பதால், அவற்றிலிருந்து செய்த ஆபத்துக் கணிப்புகள் நம்மவர்களிடம் சரியாகப் பொருந்துவதில்லை. 10,000 இந்தியர்களின் முழு மரபுத்தொகுதியையும் படித்த ஜீனோம் இந்தியா திட்டம் இந்தக் குறையை நிரப்புவதற்கான தொடக்கம். 1950-களில் சேத்துப்பட்டில் அயல்நாட்டுக் கணக்கை அப்படியே ஏற்காமல், தம் முன்னே வந்த நோயாளிகளையே ஒவ்வொருவராக அளந்தார்கள் என்பதை நான் பெருமையோடு நினைக்கிறேன்.

அப்படி அளப்பது இன்று இன்னும் எளிது. சிறிது இரத்தமோ எச்சிலோ போதும். ஜப்பானில் நடந்து 2013-இல் வெளியான ஒரு சோதனையில், காசநோயாளிகளின் நாட்-2 வகையைப் பார்த்து ஐசோனியசிட்டின் அளவை முடிவு செய்தார்கள்: உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் மெதுவகையினருக்கு 2.5 மில்லிகிராம், நடுவகையினருக்கு 5, விரைவகையினருக்கு 7.5. வழக்கமான அளவு பெற்ற மெதுவகையினரில் பெரும்பாலோருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்தது. வகைபார்த்துக் குறைத்துக் கொடுத்த மெதுவகையினரில் ஒருவருக்கும் வரவில்லை. கூடுதல் அளவு பெற்ற விரைவகையினரிடம் தொடக்கக்காலச் சிகிச்சைத் தோல்வி குறைந்தது. சிறிய சோதனைதான்; மெதுவகையினர் அரிதான நாட்டில் நடந்தது. மெதுவகையினர் பெரும்பான்மையாக உள்ள நம் ஊரில் அதை விரிவாகச் செய்துபார்ப்பதற்கு எல்லாக் காரணமும் இருக்கிறது.

இந்தியாவில் 2017 முதல் காசநோய்க்குத் தினசரி கூட்டுமாத்திரை தரப்படுகிறது. எத்தனை மாத்திரை என்பதை உடல் எடை முடிவு செய்கிறது. ஒவ்வொரு மாத்திரையிலும் 75 மில்லிகிராம் ஐசோனியசிட் உண்டு. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி தூக்கும் இருவர், இருவருமே 45 கிலோ, ஒருவர் மெதுவகை, மற்றவர் விரைவகை என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் நாளொன்றுக்கு 3 மாத்திரை, அதாவது 225 மில்லிகிராம். ஜப்பானியக் கணக்குப்படி முதலாமவருக்கு 112.5 மில்லிகிராம் போதும், இரண்டாமவருக்கு 337.5 வேண்டும். முதலாமவர் கால் எரிகிறது என்று சொன்னால், இளநீரோடு நிறுத்திவிடாமல் மாத்திரை தரும் இடத்தில் போய்ச் சொல்ல வேண்டும். பைரிடாக்சின் அங்கே கிடைக்கும், மாத்திரையை விட வேண்டியதில்லை. இரண்டாமவருக்கு உடம்பு எதையும் சொல்லாது.